மாரிக்கு முந்திய நாட்கள்

2024 ஒக்டோபர் 20, ஞாயிறு

கிணற்றுக் கயிற்றில் உலர்ந்த முடிச்சுகள் ஒன்பது; நீர் எவ்வளவு கீழே என்பதற்கு அதுவே என் அளவுகோல். காலைத் தேநீரில் உவர்ப்பு போகவில்லை.

ஒக்டோபர் 22

ஊர்த் தண்ணீரைக் காக்கக் கோரிப் பிரதேச செயலகத்துக்கு எழுதும் விண்ணப்பத்தின் முதல் வரைவைச் சனசமூக நிலையத்தில் வாசித்தேன். வந்தவர்கள் நால்வர். அவர்களில் இளையவன், "ரீச்சர், காலநிலை மாற்றம் எண்ட சொல்லை எடுத்துவிடுங்கோ, கிணறு எண்டு மட்டும் போடுங்கோ, எல்லாக் கட்சிக்காரரும் கையெழுத்து வைப்பினம்" என்றான். அவன் தவறாகச் சொல்லவில்லை என்பதுதான் என்னை உறங்கவிடாமல் செய்கிறது.

ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் நம் குடிநீர். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை உவர்நீரை அது தள்ளி வைத்திருக்கும் என்று முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்குக் கற்பித்திருக்கிறேன். அதே கணக்குத் திரும்பியும் வேலை செய்யும்: மேலே ஓரடி குறைந்தால் கீழே உவர்நீர் அந்த 40 அடி ஏறிவிடும். அளவுக்கு மிஞ்சி இறைத்தது நம் குற்றம். ஆனால் கடல் உயர்வதும், ஒரு மாதம் நின்று பெய்யவேண்டிய மழை இரண்டு நாளில் கொட்டிக் கடலுக்கு ஓடிவிடுவதும் இந்த ஊரின் குற்றமல்ல. சொல்லை எடுத்துவிட்டால் பாதி உண்மைக்குத்தான் கையெழுத்து வாங்குகிறேன். விட்டுவைத்தால் பத்துப் பேர்கூட வரமாட்டார்கள்.

ஒக்டோபர் 25

பக்கத்து வீட்டுச் சின்னண்ணை கூட்டத்துக்கு வரமாட்டார். வேலியருகே நின்று கேட்டேன். "சுற்றாடல்" என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 2021இல் அரசு இரசாயன உரத்தை ஒரே அறிவிப்பில் தடை செய்தபோது வாடிப்போன அவருடைய வெங்காயத் தோட்டம் எனக்கு நினைவிருக்கிறது. அவ்வாண்டு நவம்பரில் தடையை நீக்கினார்கள், அவர் இழந்தது திரும்பவில்லை. மண்ணைக் காப்பதாகச் சொன்ன தடையை அதே மண்ணில் உழைப்பவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொண்டுவந்தார்கள். மன்னாரில் காற்றாலைகளை எதிர்ப்பவர்களும் காற்றை வெறுப்பவர்கள் அல்லர். தங்கள் நிலத்தில் வெள்ளம் எந்தப் பக்கம் ஓடும் என்பதைத் தங்களிடம் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். சின்னண்ணையின் கோபத்துக்குப் பதில் சொல்லாமல் எழுதும் எந்த விண்ணப்பமும் எனக்கு வெறும் தாள்தான்.

ஒக்டோபர் 31

தீபாவளி. தேர்தல் ஒலிபெருக்கி வாகனங்கள் நாள் முழுதும் ஓடின. எதிலும் தண்ணீரைப் பற்றிய பேச்சு இல்லை.

நவம்பர் 3

வீடு, சைக்கிள், வீணை, திசைகாட்டி: நான்கு கட்சிச் சின்னங்களின் உள்ளூர்ப் பொறுப்பாளர்களையும் பார்த்துவிட்டேன். குளத்தைத் தூர்வார வேண்டும், வழுக்கையாற்றுக்கு இறங்கும் வாய்க்கால்களின் அடைப்பை எடுக்க வேண்டும், மழைநீரை ஊருக்குள்ளேயே நிறுத்திவைக்க வேண்டும் என்பதில் நால்வருக்கும் எள்ளளவும் வேறுபாடில்லை. கூட்டத்துக்கு மற்றவர் தலைமை வகித்தால் வரமாட்டோம் என்பதிலும் நால்வரும் ஒரே கருத்தில்தான் இருக்கிறார்கள்.

நவம்பர் 6

அமெரிக்கத் தேர்தல் முடிவு. பரிஸ் காலநிலை உடன்படிக்கையிலிருந்து ஒருமுறை நாட்டை விலக்கிய அதே மனிதர் மீண்டும் வருகிறார். முன்னவர் சேர்வார், பின்னவர் விலகுவார் என்றால் எந்த வேலை முடியும்? பிரித்தானியாவில் 2008இல் காலநிலைச் சட்டம் வந்தபோது எதிர்த்து வாக்களித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. ஆட்சி மாறியும் அச்சட்டம் நின்றது. எதிர்க்கட்சியும் தன்னுடையது என்று எண்ணும் சட்டமே நிலைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முடிச்சு ஒன்பது.

நவம்பர் 9

நள்ளிரவில் எழுந்து எழுதுகிறேன். பிரான்சில் எரிபொருள் வரிக்கு எதிராக 2018இல் மஞ்சள் மேற்சட்டையோடு மக்கள் தெருவில் இறங்கிய பிறகு, சீட்டுக் குலுக்கிப் பொதுமக்கள் 150 பேரைத் தெரிந்தெடுத்துக் காலநிலை நடவடிக்கைகளை ஆராயச் செய்தார்கள். அயர்லாந்தில் அவ்வாறு கூடியவர்கள் 99 பேர். சீட்டுக்குக் கட்சி தெரியாது.

உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைத்துக்கொண்டேன். முதலாம் பராந்தக சோழன் காலத்திலேயே ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தவர்கள் நம்மவர்கள். கூட்டத்தின் தலைமையைக் குடவோலையால் தெரிந்தெடுப்போம்.

நவம்பர் 12

குடவோலையில் எனக்கு ஓர் உறுத்தல். அந்தக் குடத்துக்குள் நிலமில்லாதவனின் பெயர் போகவில்லை. இந்த ஊரிலும் கட்சிப் பிரிவைவிடப் பழைய பிரிவு ஒன்று உண்டு. இந்தக் கிணறுகளில் அள்ள அனுமதிக்கப்படாமல் குடத்தோடு காத்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் வாய்க்காலுக்கு அப்பால் இருக்கிறார்கள். அவர்களை முதலில் அழைக்காமல் "எல்லோருடைய தண்ணீர்" என்று எழுத எனக்கு உரிமையில்லை. இன்று அங்கே போனேன். ஒரு மூதாட்டி உட்காரச் சொன்னார், தேநீர் தந்தார், என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். வருவதாகச் சொல்லவில்லை.

நவம்பர் 15

பாராளுமன்றத் தேர்தல் முடிவு. மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று திசைகாட்டிக்கு. வென்றவர்கள் இனி எவரும் தேவையில்லை என்று எண்ணிவிடுவார்களோ, தோற்றவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார்களோ என்று இரண்டு பக்கமும் அஞ்சுகிறேன்.

நவம்பர் 18

"எத்தனை முடிச்சு?" என்று வேலிக்கு அப்பால் நின்று சின்னண்ணை கேட்டார். எட்டு என்றேன். வேறெதுவும் பேசவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

ஐம்பதுக்கு மேல் வந்தார்கள். நான்கு சின்னத்தாரும் நான்கு மூலைகளில் நின்றார்கள். பித்தளைக் குடத்திலிருந்து ஒரு சிறுமி எடுத்த பெயர், வாய்க்காலுக்கு அப்பாலிருந்து வந்த, நண்டு வலை பின்னும் பெண்ணுடையது. அவர் என் வரைவைக் கையில் வாங்கவே இல்லை. ஒவ்வொருவரும் தம் கண்ணால் கண்ட மாற்றத்தை மட்டும் சொல்லட்டும் என்றார். நான் ஒரு மாதமாகத் தேடிய வழியை அவர் ஒரே வாக்கியத்தில் திறந்துவிட்டார். 2008 வெள்ளத்தை ஒருவர் சொன்னார், 2020 டிசம்பர்ப் புயல்மழையை இன்னொருவர். முன்போலக் காற்றை நம்பிப் படகிறக்க முடிவதில்லை என்று கடற்றொழிலாளர் இருவர் சொன்னார்கள். தன் கிணற்று நீர் மிளகாய்க் கன்றைக் கருக்கியதைச் சொன்ன ஒருவருக்குக் குரல் தழுதழுத்தது. பிறகு சொல்லைப் பற்றிய கேள்வி எழுந்தபோது, எடுக்கச் சொன்ன அதே இளையவன், "இவ்வளவையும் வேறை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறது?" என்று கேட்டான். சொல் நின்றது. "விவசாயியைக் கேட்காமல் எதுவும் அறிவிக்கலாகாது" என்ற வரியையும் சேர்த்தோம்.

கையெழுத்து 41. மூன்று சின்னத்தார் வைத்தார்கள். நான்காமவர் மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்று போய்விட்டார். சின்னண்ணை வரவில்லை. அந்த வரியை அவருக்காகவே எழுதினேன் என்று எப்படிச் சொல்வேன்?

நவம்பர் 25

இரவு முழுதும் மழை. முடிச்சு நான்கு. இத்தனை விரைவில் ஏறியதை நான் கண்டதில்லை.

நவம்பர் 26

உயர்தரப் பரீட்சையை நாளையிலிருந்து நிறுத்தி வைக்கிறார்கள். தெரு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. தூர்வாரச் சொல்லி நாம் எழுதிய குளத்தின் தண்ணீர் முற்றத்துக்கு வந்துவிட்டது. கிணற்றுக் கட்டின் விளிம்பைத் தொட்டு நிற்கிறது, கயிறு தேவைப்படவில்லை. விண்ணப்பத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். பிரதேச செயலகத்துக்கு இப்போது எவர் கொண்டுபோவார்?

மின்சாரம் போய்விட்டது. சின்னண்ணை வீட்டில் வெளிச்சமே தெரியவில்லை. வேலியடியில் அவருடைய குரல் போல ஏதோ கேட்கிறது.