உப்பளத்துச் செந்நீருக்கு ஒரு விலை

கோடையில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் புத்தளம், சாமிதோப்பு உப்பளங்களின் பக்கம் போனால் பாத்தி நீரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். நீர் சுண்டிச் சுண்டி உப்பு கட்டும் தறுவாயில் அதில் ஏறும் செம்மைக்கு, உப்பில் வாழும் பிற நுண்ணுயிர்களோடு துனாலியெல்லா சலினா என்னும் நுண்பாசியும் காரணமாகலாம். கடும் வெயிலும் மிகை உப்பும் சத்துக் குறைவும் ஒருசேர நெருக்கும்போது, பச்சை நிறமான இந்தப் பாசி தன் உலர் எடையில் 10 சதவீதம் வரை, கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் என்னும் நிறமியைச் சேர்த்துக்கொண்டு ஆரஞ்சு நிறமாகிவிடுகிறது. அத்தனை உப்பில் வேறு பாசிகள் எளிதில் பிழைக்காதென்பதால் இதைத் திறந்த குளத்திலேயே வளர்க்கலாம். ஆஸ்திரேலியாவில் வணிக அளவிலேயே அப்படி வளர்க்கிறார்கள்.

ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசியின் நீல நிறச் சாற்றை மிட்டாய்களில் சேர்க்க அமெரிக்கா 2013-இல் அனுமதித்தது. இயற்கை நிறமிகளுக்குச் சந்தை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சிக்கல் அறுவடையில்தான் இருக்கிறது. பெருமளவு நீரில் சொற்பமாகக் கலந்திருக்கும் நுண்ணிய செல்களைப் பிரித்து, வெளிச்சமும் காற்றும் பட்டு நிறமி சிதையுமுன் உலர்த்தும் செலவு, செயற்கை நிறமியின் மலிவு விலையோடு மோத வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, நம் மாவட்டத்தில் இரு பருவமழையும் பெய்து உப்பின் செறிவைக் குலைக்கும். ஆகவே, எடுத்த எடுப்பில் ஆலை கட்டாமல், கோடை மாதங்களில் மட்டும் ஒதுக்குப்புறப் பாத்திகளில் பாசி வளர்த்து இறால் தீவனத்துக்குத் தருவதே உப்பளத் தொழிலாளர்களுக்குக் கட்டுப்படியாகும் என்பது என் கருத்து.