கேள்வித்தாளில் ‘பாலியல்’ என்ற சொல்லே வேண்டாம்

பள்ளியில் சீண்டல் எவ்வளவு நடக்கிறது என்று மாணவர்களே கணக்கெடுக்க இறங்கினால், தவறு பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே நேர்கிறது. ‘பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதுண்டா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் குவியும். உள்ளாடைப் பட்டையை இழுத்து விடுவது, உடம்பைப் பற்றிப் பட்டப்பெயர் வைப்பது, போனில் ஆபாசப் படம் காட்டுவது எல்லாம் பிள்ளைகள் அகராதியில் வெறும் ‘கிண்டல்’. ஆகவே நடந்ததைக் கேளுங்கள். ‘இந்தப் பருவத்தில் யாராவது உங்கள் உடையை இழுத்தார்களா?’ ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம்: இல்லை, ஒருமுறை, பலமுறை. பையன்களுக்கும் அதே தாள்தான், அவர்களுக்கும் நடக்கிறது.

எட்டுப் பத்துக் கேள்வி போதும். ‘ஆம் என்றால் விளக்குக’ என்று மட்டும் போடாதீர்கள். ஒன்றும் நடக்காதவர் அரை நிமிடத்தில் பேனாவை வைத்துவிடுவார், எழுதிக்கொண்டே இருப்பவரை வகுப்பே திரும்பிப் பார்க்கும். கையெழுத்தும் காட்டிக்கொடுக்கும். எல்லாரும் ஒரே எண்ணிக்கையில் டிக் அடிக்கும்படி தாள் இருக்கட்டும். வகுப்பில் மாணவிகள் நான்கே பேர் என்றால் வகுப்பு, பிரிவு, பாலினம் மூன்றையும் சேர்த்துக் கேட்காதீர்கள். பெயரையே கேட்டதுபோல் ஆகிவிடும். தாள்கள் வகுப்பாசிரியர் கைக்குப் போகாமல், மடித்து நேரே பெட்டிக்குள் விழவேண்டும்.

தாளின் பின்பக்கம் பள்ளியின் வரைபடம்: ‘பயமாக இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி, இல்லையென்றால் பிடித்த இடத்தில் ஒரு வட்டம்.’ நிர்வாகத்திடம் சதவீதக் கணக்கை நீட்டினால் வாக்குவாதம்தான் மிஞ்சும். மாடிப்படித் திருப்பத்தில் முப்பது புள்ளி என்று காட்டினால் பல்பும் வரும், இடைவேளையில் ஓர் ஆசிரியரும் நிற்பார்.

கணக்கெடுப்பு வேறு, புகார் வேறு. யாராவது நேரில் வந்து சொன்னால் கேளுங்கள், குறுக்கு விசாரணை செய்யாதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நம்பிக்கையான பெரியவரிடமோ, குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ போகலாம். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ம் உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டப்படி (பிரிவு 19) குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தைப் ‘பள்ளி மானம்’ என்று மூடி மறைக்கும் தலைமைக்குப் பிரிவு 21-ல் ஓராண்டு வரை சிறை. சொல்லாமல் இருந்துவிட்ட குழந்தைக்கு அந்தத் தண்டனை கிடையாது; இதைத் தாளின் தலைப்பிலேயே அச்சிடலாம்.

2021-ல் தமிழக அரசு ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்கச் சொன்னது. உங்கள் பள்ளிக் குழுவில் யார் யார் என்று கேளுங்கள். புகார்ப் பெட்டி தலைமையாசிரியர் அறை வாசலில் தொங்கினால் இடம் மாற்றச் சொல்லுங்கள். யார் போடுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும் பெட்டியில் யார் போடுவார்கள்?

அடுத்த பருவத்தில் அதே தாளை, ஒரு சொல்லும் மாற்றாமல் கொடுங்கள். எண்ணிக்கை கூடினால் பதற வேண்டாம், முதல் முறை மறைத்தவர்கள் இப்போது டிக் அடித்திருக்கலாம். வரைபடத்தைப் பாருங்கள்: மாடிப்படியில் ஆள் நிறுத்தியதும் புள்ளிகள் சைக்கிள் ஸ்டாண்டுக்கு நகர்ந்திருக்கும்.