இரண்டாவது எஞ்சின் வந்த அன்று

மாடல் ரயில் வாங்கிய முதல் வாரம் சொர்க்கம். ஒரு நீள்வட்டத் தண்டவாளம், ஒரு எஞ்சின், மூன்று பெட்டி, குமிழ் வைத்த ஒரு சின்ன கண்ட்ரோலர். வலப்பக்கம் திருப்பினால் போகும், இடப்பக்கம் திருப்பினால் திரும்பி வரும். யார் திருப்புவது என்பதில்தான் அப்பாவுக்கும் பையனுக்கும் தகராறு. அனலாகா டிஜிட்டலா என்ற பேச்சே எழவில்லை.

இரண்டாவது எஞ்சினை வாங்கி வந்து தண்டவாளத்தில் வைத்த அன்று எழுந்தது. குமிழைத் திருப்பினார்கள். இரண்டும் கிளம்பின.

"அப்பா, நான் சிவப்பைத்தானே ஓட்டினேன்?"

"நீ ஓட்டலடா. தண்டவாளத்தை ஓட்டின."

அப்பா ஏதோ சமாளிப்பதுபோல் இருந்தாலும், அனலாகின் மொத்த சங்கதியும் அதுதான். கண்ட்ரோலருக்கு எஞ்சின் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது தண்டவாளத்துக்கு 0 முதல் 12 வோல்ட் வரை டிசி கரண்ட் அனுப்புகிறது. வோல்ட் ஏறினால் வேகம், பிளஸ் மைனஸ் மாறினால் திசை. அந்தத் தண்டவாளத்தின்மேல் எது நின்றாலும், அது யாருடையதாக இருந்தாலும், ஓடியே தீரும்.

பையன் கெட்டிக்காரன். ஒரு எஞ்சினைத் தூக்கித் திருப்பி, மூக்கோடு மூக்கு பார்க்கிற மாதிரி வைத்தான். மோதும் என்று எதிர்பார்த்தான். மோதவில்லை. ஒன்று முன்னோக்கியும் ஒன்று பின்னோக்கியுமாக இரண்டும் ஒரே பக்கம் போயின. அனலாகில் எஞ்சினின் வலக்கைத் தண்டவாளம் பிளஸ்ஸாக இருந்தால் அது முன்னே போகும். எஞ்சினைத் திருப்பினால் வலக்கை இடக்கையாகிவிடும், அதனால் பின்னே போகும். ஆக மொத்தம், தண்டவாளத்தைப் பொறுத்தவரை திசை மாறவே இல்லை. இந்த வசதியை மறந்துவிடாதீர்கள், பிறகு அருமை தெரியும்.

அதற்குள் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரெண்டையும் ஒரே நேரத்துல ஓட்டணுமா, மாத்தி மாத்தி ஓட்டினா போதுமா?"

டிஜிட்டலுக்குப் போவதா வேண்டாமா என்பதற்கு இதைவிட நல்ல கேள்வி கிடையாது. பத்து எஞ்சின் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஓட்டுகிறவருக்கு அனலாக் தாராளம். இரண்டே எஞ்சின் வைத்திருந்தாலும், ஒன்று வட்டமடிக்கும்போது இன்னொன்று பக்கத்துத் தடத்தில் பெட்டி கோர்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் டிஜிட்டல்தான் சுகம்.

மாற்றி மாற்றி ஓட்டச் செலவும் இல்லை. பக்கத் தடத்தின் வாயிலில் ஒரு தண்டவாளத்தை மட்டும் வெட்டி, உலோக இணைப்புத் தகட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு போட்டு, வெட்டின இடத்தை ஒரு சாதாரண ஆன்-ஆஃப் ஸ்விட்ச் வழியாக ஒயரால் சேர்த்தால் போதும். ஆஃப் செய்தால் அந்தத் தடம் செத்தது, அங்கே நிற்கிற எஞ்சின் தூங்கும். வெட்டுக்கு அப்பால் எஞ்சின் முழு நீளத்துக்கும் இடம் இருக்க வேண்டும், கூடவே ஒரு கையகலம் விடுங்கள். ஒரு சக்கரம் வெட்டின்மேல் உட்கார்ந்திருந்தாலும் கரண்ட் அதன் வழியே பாய்ந்து, தூங்குகிறவர் எழுந்து நடப்பார். சில பாயிண்ட்டுகள் (தடம் இரண்டாகப் பிரிகிற இடத்துத் துண்டுகள்) எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தத் தடத்துக்கு மட்டுமே கரண்ட் விடும். அந்த வகை என்றால் ஸ்விட்ச்கூட வேண்டாம், பாயிண்ட்டே ஸ்விட்ச்.

இதெல்லாம் கேட்டு அப்பா தலையாட்டினார். அடுத்த மாதம் டிஜிட்டல் பெட்டியோடு வந்தார். ஆசை என்று ஒன்று இருக்கிறதே.

டிஜிட்டலில், அதாவது டிசிசியில் (டிஜிட்டல் கமாண்ட் கண்ட்ரோல்), தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட் இருக்கும். ஹெச்ஓ என்கிற மாடல் அளவுக்கு 14 முதல் 16 வரை. எஞ்சின் நிற்கும்போதுகூட விளக்கு பளிச்சென்று எரிவது அதனால்தான். அந்த கரண்ட் ஓயாமல் முன்னும் பின்னுமாகப் புரண்டுகொண்டே இருக்கும். அந்தப் புரளலில் ஒரு பாதி 58 மைக்ரோசெகண்ட் நீடித்தால் அது 1, 100 அல்லது அதற்கு மேல் என்றால் 0. இந்த 1, 0 வரிசைதான் உத்தரவு. எஞ்சினுக்குள் இருக்கிற டிகோடர் என்ற குட்டி மின்னணுப் பலகை இதைப் படித்து, "இந்த உத்தரவு என் நம்பருக்கா?" என்று பார்த்து, ஆம் என்றால் மட்டும் மோட்டாரைச் சுற்றும்.

பழைய கண்ட்ரோலரின் ஒயரை முதலில் கழற்றுங்கள். இரண்டையும் ஒரே தண்டவாளத்தில் மாட்டினால் ஏதோ ஒன்று போய்ச்சேரும், பெரும்பாலும் விலை கூடினது. அனலாக் செட்டோடு வந்த, ஒயரைத் தண்டவாளத்தோடு சேர்க்கிற பவர் கிளிப்புக்குள் ரேடியோ இரைச்சலை அடக்க ஒரு குட்டி கெபாசிட்டர் இருக்கலாம். அதை வெட்டி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது உத்தரவுகளையும் சேர்த்து அடக்கிவிடும்.

டிகோடர் இல்லாத பழைய சிவப்பை டிஜிட்டல் தண்டவாளத்தில் வைத்தால் அது ஓடாது, ரீங்காரமிடும். கரண்ட் இரு பக்கமும் இழுக்கிற இழுப்பில் மோட்டார் நின்ற இடத்தில் துடித்துச் சூடேறும். கோர்லெஸ் (உள்ளே இரும்புக் கரு இல்லாத) மோட்டார் என்றால் சீக்கிரமே கருகிவிடும். "பாட்டுப் பாடுதுப்பா" என்று பையன் ரசிப்பதற்குள் தூக்கிவிட வேண்டும்.

சிவப்பில் டிகோடர் செருக 8 முள் சாக்கெட் இருந்தது நல்லதாயிற்று. அனலாகிலேயே இருக்கப் போகிறவர்கள்கூட சாக்கெட் உள்ள எஞ்சினாகப் பார்த்து வாங்குவது பின்னால் கைகொடுக்கும். அப்பா டிகோடரைச் செருகினார். எஞ்சின் ஓடியது, ஆனால் முன்னே என்றால் பின்னே போனது, விளக்கும் எரியவில்லை. பிளக் தலைகீழ். ஆரஞ்சு ஒயர்தான் 1ஆம் முள், திருப்பிச் செருகினால் சரியாகிவிடும். 8 முள்ளில் இந்தத் தப்பு பெரும்பாலும் எதையும் எரிக்காது.

எல்லாம் முடிந்து, இரண்டு எஞ்சினையும் மூக்கோடு மூக்கு பார்க்க வைத்து, கண்ட்ரோலரில் 3 என்று போட்டு அப்பா குமிழைத் திருப்பினார்.

இரண்டும் கிளம்பின. இந்தத் தடவை மோதின.

ஏனென்றால் எல்லா டிகோடரும் தொழிற்சாலையிலிருந்து 3 என்ற நம்பரோடுதான் வருகிறது. டிஜிட்டலில் 'முன்னே' என்றால் எஞ்சினுக்கு முன்னே, தண்டவாளத்துக்கு அல்ல. அனலாகில் கிடைத்த அந்தப் பாதுகாப்பு இங்கே கிடையாது.

"இவ்வளவு செலவு பண்ணி, பழையபடி ரெண்டும் சேர்ந்து ஓடுதா?" என்றார் அம்மா.

நம்பரை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. டிகோடரில் எழுதுவதற்கென்றே இருக்கிற புரோகிராமிங் தடத்தில் ஒரே ஒரு எஞ்சினை வைத்து, சிவி 1இல் புது நம்பரை எழுத வேண்டும். சிவி என்பது டிகோடர் தன் அமைப்புகளைக் குறித்து வைத்துக்கொள்கிற, எண் போட்ட இடம். அந்தத் தடத்துக்குக் கொஞ்சமாகத்தான் கரண்ட் வரும், ஏறக்குறைய 250 மில்லியாம்பியர். ஒயரிங் தப்பாக இருந்தாலும் டிகோடர் பிழைக்கும். தனித் தடம் இல்லாத எளிய கண்ட்ரோலர்கள் தண்டவாளத்தில் இருக்கிற எல்லாவற்றிலும் எழுதிவிடும். அப்பா மற்றதை எடுக்க மறந்தார். இரண்டுமே 7 ஆயின. மறுபடி மோதின.

ஷார்ட் சோதனையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். தண்டவாளத்தின் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள், கண்ட்ரோலர் உடனே கட் ஆக வேண்டும். மூலை முடுக்கெல்லாம் வைத்துப் பாருங்கள். எங்காவது கட் ஆகாவிட்டால் அங்கே இணைப்புத் தகடு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். 15 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் 45 வாட். தடம்புரண்ட ஒரு சக்கரத்தின் வழியே அவ்வளவும் பாய்ந்தால் பிளாஸ்டிக் உருகும். மருந்து, பலகைக்கு அடியில் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை ஓட்டி, அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெல்லிய ஒயர் இழுத்துச் சால்டர் செய்வது. சின்ன நீள்வட்டத்துக்கு ஓரிரு இடம் போதும்.

ஒருவழியாக சிவப்பு 7, இரண்டாவது எஞ்சினான நீலம் 12. பையன் ஒன்றை வட்டமடிக்க விட்டு இன்னொன்றில் பெட்டி கோர்த்தான். வேகம் ஏற ஏற நீலத்தின் விளக்கு மட்டும் அணைந்து அணைந்து எரிந்தது. அது வேகப் படிகளின், அதாவது வேகத்தை எத்தனை கூறாகப் பிரிப்பது என்பதன், பிணக்கு: கண்ட்ரோலர் 28 படியில் பேசுகிறது, டிகோடர் 14இல் கேட்கிறது. சிவி 29இல் 6 எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். பையன் கையேட்டில் வேறு பக்கத்தைப் பார்த்து சிவி 8இல் 8 எழுதினான்.

விளக்கு சரியாகிவிட்டது. 12ஐ அழுத்தினால் நீலம் அசையவில்லை. பல டிகோடர்களுக்கு அது முழு ரீசெட்.

"3 போட்டுப் பாரு" என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.