விலை குறைந்த காற்றுத்தர சென்சார்களில் ப்ராஜெக்ட் செய்யப் போகிறீர்களா?

கட்டடத்துக்குள் இருக்கும் காற்றை விலை குறைந்த சென்சார்களால் அளப்பதுதான் என் முதுகலை ப்ராஜெக்ட். வைவாவில் சர்க்யூட்டைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "இந்த எண்ணை எதை வைத்து நம்புவது?" என்பதைத்தான் விதவிதமாகக் கேட்டார்கள். ஆகவே முதல் நாளிலிருந்தே அந்தக் கேள்விக்காக வேலை செய்யுங்கள்.

சென்சார் தேர்வில் அவசரம் வேண்டாம். எம்க்யூ-135 போன்ற மலிவான வாயு சென்சார்கள் கார்பன் டை ஆக்சைடை மட்டும் பிரித்து அளப்பதில்லை. பக்கத்தில் யாராவது சானிடைசர் தடவினாலே எண் எகிறும். அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் என்டிஐஆர் வகையோ, ஒளியொலி முறையில் இயங்கும் எஸ்சிடி40-ஓ வாங்குங்கள்.

அப்புறம், இவற்றில் பலவற்றில் தானியங்கித் திருத்தம் ஒன்று இருக்கும். சில நாட்களில் பதிவான மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு, அதை 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) ஆக்கிவிடும். இரவு பகலாக ஆள் இருக்கும் விடுதி அறையில் அளவு அவ்வளவு தூரம் இறங்கவே இறங்காது. அங்கே இந்த வசதியே உங்கள் தரவைக் கெடுக்கும். அதை அணைத்துவிட்டு, சென்சாரைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோய் நீங்களே திருத்துங்கள்.

நுண்துகள் சென்சாருக்கு எதிரி ஈரப்பதம். பிஎம்எஸ்5003 போன்றவை லேசர் ஒளிச்சிதறலை வைத்துக் கணக்கிடுகின்றன. ஈரம் கூடும்போது துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப்போகும், அளவும் கூடுதலாகக் காட்டும். அதனால் ஈரப்பதத்தையும் கூடவே பதிவு செய்யுங்கள். ஆனால் ஈரப்பத சென்சாரை, தரவைச் சேகரிக்கும் இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டுக்கு ஒட்டி வைக்காதீர்கள். போர்டின் சூட்டில் வெப்பநிலை ஏறி, ஈரப்பதம் குறைவாகத் தெரியும்.

நான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வது ஒப்பீட்டுக்குத்தான். எல்லா சென்சார்களையும் தரமான கருவி ஒன்றின் அருகில் சில நாட்கள் ஓடவிடுங்கள். அளவீடு முடிந்த பிறகும் ஒருமுறை அதே இடத்தில் ஓடவிட்டால்தான் இடையில் எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரியும். இரண்டு கருவிகளின் எண்களும் எவ்வளவு ஒத்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் ஆர்-ஸ்கொயர் 0.95 வந்துவிட்டதென்று நிறுத்திவிடாதீர்கள். சென்சார் எப்போதும் இரண்டு மடங்கு காட்டினாலும் அந்த எண் அழகாகவே வரும். சராசரிப் பிழையையும் சேர்த்து எழுதுங்கள்.

அறையின் காற்றோட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டினால் நல்ல மதிப்பு கிடைக்கும். எல்லோரும் வெளியேறிய பின் கார்பன் டை ஆக்சைடு எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். வெளிக்காற்றில் 420 பிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். அறையில் 1220-இலிருந்து 820-க்கு வர அரை மணி நேரம் ஆனால், உபரி 800-லிருந்து 400 ஆகப் பாதியாகியிருக்கிறது. 0.693-ஐ (2-இன் இயல் மடக்கை) அரை மணி நேரமான 0.5-ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 1.4 முறை காற்று மாறுகிறது.

சரி, கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிட்டால் காற்று சுத்தமா? இதைக் கட்டாயம் கேட்பார்கள். ஜன்னலைத் திறந்ததும் அது இறங்கும், ஆனால் வெளியே புகை இருந்தால் பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் அளவு ஏறும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு எடுத்துப் போங்கள். பிஎம் 2.5-இன் 24 மணி நேரச் சராசரிக்கு உலக சுகாதார அமைப்பு 2021-இல் சொன்ன, கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம் அளவோடு உங்கள் நாள் சராசரிகளையும் தனியே ஒப்பிட்டுக் காட்டுங்கள்.