மகப்பேற்றுக் கேஸ் புக்கை முடித்த அனுபவம்

பி.எஸ்சி. நர்சிங் நான்காம் ஆண்டில் எல்லோரும் அஞ்சுவது மகப்பேற்றியல் பாடத்தை என்றாலும், என்னைத் தேர்வு வாசல்வரை அலைக்கழித்தது அந்தப் பாடத்தின் கேஸ் புக்தான். நாங்கள் செய்த பிரசவங்களையும் பரிசோதனைகளையும் ஒவ்வொன்றாக எழுதி, அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்கவேண்டிய பதிவுப் புத்தகம் அது. எங்கள் பேட்ச் ஆண்டுமுறைப் பாடத்திட்டத்தில் படித்தது. இந்திய நர்சிங் கவுன்சில் அதில் 30 கர்ப்பகாலப் பரிசோதனைகள், 20 சுகப்பிரசவங்கள், 20 பிரசவத்துக்குப் பிந்தைய பராமரிப்புகள், 5 எபிசியாட்டமி (பிரசவ வழியை அகலப்படுத்தப் போடும் சிறு வெட்டு), 5 பச்சிளங்குழந்தை உயிர்ப்பித்தல், 2 சிசேரியன் உதவி என ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை விதித்திருந்தது. செமஸ்டர் முறையில் படிப்பவர்கள் தங்கள் பாடத்திட்டத்தில் உள்ள எண்ணிக்கையை முதல் நாளே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பகாலப் பரிசோதனைகளும் பிந்தைய பராமரிப்புகளும் சிரமமில்லாமல் முடிந்தன. சிசேரியன் உதவி முதல் வாரத்திலேயே நிறைந்துவிட்டது. 20 சுகப்பிரசவங்கள்தான் கிடைக்கவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் அது 63.8 விழுக்காடு. எங்கள் கல்லூரியோடு இணைந்ததும் தனியார் மருத்துவமனைதான். அங்கு வரும் சில சுகப்பிரசவங்களை ஒரு வகுப்பு முழுவதும் பங்கிட்டுக்கொள்வது நடக்காத காரியம் என்பதால், அரசு மருத்துவமனைக்கு அனுமதி வாங்கி எங்களை அனுப்பினார்கள்.

அனுமதிக் கடிதத்தில் 'மகப்பேறு பிரிவு' என்று மட்டும் இருந்தது. பிரசவ அறை என்று தனியாக எழுதாவிட்டால் உள்ளே விட முடியாது என்று அலுவலக எழுத்தர் எங்களைத் திருப்பி அனுப்பினார். தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும் பயணம் அது. கடிதத்தில் வார்டின் பெயர், பிரசவ அறை, இரவுப் பணி உட்பட ஷிப்ட் நேரம், தேதிகள் ஆகியவை தனித்தனியாக இருக்கின்றனவா என்று கல்லூரியை விட்டுக் கிளம்பும் முன்பே சரிபாருங்கள்.

உள்ளே சென்ற பிறகும் வாய்ப்பு எளிதாகக் கிடைக்கவில்லை. முதுநிலை மருத்துவ மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், வேறு கல்லூரிகளின் நர்சிங் மாணவியர் என்று ஒரு தாயைச் சுற்றி இத்தனை பேர் நிற்பதைப் பார்க்கவே எனக்கு மனம் சங்கடப்பட்டது. வலியில் துடிக்கும் பெண்ணுக்கு நாங்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்கும் கூட்டமாகத்தானே தெரிவோம்? அதனால் வகுப்பு ஒருங்கிணைப்பாளர் மேடத்திடம் கேட்டு, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாறினேன். கேஸ்கள் குறைவு, ஆனால் ஒரு தாய் வலியோடு வந்து சேர்ந்ததிலிருந்து குழந்தை பால் குடிக்கும்வரை அவர் அருகிலேயே இருக்க முடிந்தது. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு இரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட் போடுவதையும், முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் குழந்தையின் நிலையை அளக்கும் அப்கார் மதிப்பெண் பார்ப்பதையும் என் கைகள் அங்குதான் கற்றன.

அங்கு இரவுப் பணியில் எனக்குக் கற்றுக்கொடுத்த ஸ்டாஃப் நர்ஸ் மிகவும் நல்லவர். "எல்லாத்தையும் எழுதி முடிச்சிட்டு வாம்மா, மொத்தமா கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்று சொல்லியிருந்தார். நான் எழுதி முடிப்பதற்குள் பணிமாறுதல் கலந்தாய்வில் அவருக்கு வேறு மாவட்டம் கிடைத்துவிட்டது. அவர் இடத்துக்கு வந்தவர், "நான் பார்க்காத கேஸுக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போட முடியும்?" என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னது முற்றிலும் நியாயம் என்பதால் எனக்கு வாதாட வழியில்லை. செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

என்னைக் காப்பாற்றியது என் சட்டைப்பையில் இருந்த சிறு குறிப்பேடு. ஒவ்வொரு பிரசவத்துக்கும் தாயின் உள்நோயாளி எண், குழந்தை பிறந்த நேரம், எடை ஆகியவற்றை அந்த ஷிப்டிலேயே எழுதி வைத்திருந்தேன். மருத்துவ அலுவலரிடம் வேண்டிக்கொண்டதும் அவர் பிரசவப் பதிவேட்டை வரவழைத்து, எண்ணையும் நேரத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பழைய சிஸ்டர் பதிவேட்டில் பிரசவம் பார்த்த மாணவி என்று என் பெயரை எழுதித் தம் கையெழுத்தையும் போட்டிருந்தார். ஒரு கேஸில் மட்டும் என் பெயர் விடுபட்டிருந்ததால் அதை மருத்துவ அலுவலர் ஏற்கவில்லை. அதற்கு ஈடாக இன்னொரு பிரசவம் வரும்வரை காத்திருந்தேன். எல்லாம் முடிந்தது என்று கல்லூரிக்குக் கொண்டு போனால், முத்திரைக்குக் கீழே தேதி இல்லை என்று புத்தகம் திரும்பி வந்தது. மறுபடியும் பேருந்து ஏறினேன்.

ஆகவே ஒவ்வொரு கேஸுக்கும் அன்றைய ஷிப்ட் முடிவதற்குள் கையெழுத்தும் பதவிப் பெயருள்ள முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள். பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறிவிட்டதா என்பதையும் அப்போதே கண்ணால் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் தோழியின் கேஸைப் பார்த்து எழுதிவிடலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். நாளை இரவுப் பணியில் நாம் தனியாக நிற்கும்போது நம்மை நம்பி ஒரு தாய் படுத்திருப்பார்.

தேர்வன்று வெளித்தேர்வாளர் என் புத்தகத்தைப் புரட்டி பிரசவத்தின் முன்னேற்றத்தைக் குறிக்கும் வரைபடமான ஒரு பார்ட்டோகிராஃபில் விரலை வைத்தார். கருப்பைவாய் 4 சென்டிமீட்டர் திறந்ததிலிருந்து வரைந்த கோடு, எச்சரிக்கைக் கோட்டின் வலப்பக்கம் சாய்ந்திருந்த, அதாவது பிரசவம் மெதுவாக முன்னேறிய கேஸ் அது. "இந்த நேரத்தில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். மருத்துவ அலுவலருக்குத் தகவல் சொன்னது, சிறுநீர்ப்பை காலியாக இருக்கிறதா என்று பார்த்தது, குழந்தையின் இதயத்துடிப்பை அரைமணிக்கு ஒருமுறை கேட்டுக் குறித்தது, மேல்சிகிச்சைக்கு அனுப்ப நேர்ந்தால் என்று 108-க்குச் சொல்லி வைத்தது, உடனே நடவடிக்கை எடுக்கவேண்டிய நிலையைக் காட்டும் செயல்கோட்டைத் தொடும் முன்பே குழந்தை பிறந்தது என அனைத்தையும் தடங்கலின்றிச் சொன்னேன். அவர் புன்னகைத்து அடுத்த பக்கத்தைத் திருப்பியபோது, அத்தனை அலைச்சலுக்கும் பலன் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

புத்தகத்தைக் கல்லூரியில் ஒப்படைக்கும் முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகலில் தாய்மார்களின் பெயரும் முகவரியும் தெரியாதபடி மறைத்துவிடுங்கள்.