காக்காய்க் கழுத்து

கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் ஒரு சாயக் கடையில் 17 வருஷமாக இருக்கிறேன். கலர் கலக்குவதுதான் வேலை. வாடிக்கையாளர் அட்டையைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்வார், அதை மெஷினில் தட்டினால் வெள்ளை டின்னுக்குள் கறுப்பு இத்தனை, மஞ்சள் இத்தனை என்று அதுவே விடும், மூடியை அடித்துக் குலுக்கிக் கொடுத்தால் முடிந்தது. அதனால் போன சனிக்கிழமை ஓவியக் கண்காட்சிக்குப் போகிறேன் என்றதும் என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

கதை இரண்டு வருஷத்துக்கு முந்தைய தீபாவளியில் ஆரம்பிக்கிறது. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே நம் ஆட்கள் வீட்டுக்குச் சாயம் அடிக்கக் கிளம்பிவிடுவார்கள், கடையில் நிற்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் செந்தூலிலிருந்து ஓர் அக்கா, பழைய வாடிக்கை, பிளாஸ்டிக் பையிலிருந்து பட்டு ரவிக்கைத் துணி ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். "தம்பி, ஹாலில் ஒரு சுவர் மட்டும் இந்த மயில்கழுத்து வேணும்."

எங்கள் அட்டையில் மயில்கழுத்தும் கிடையாது, வாடாமல்லியும் கிடையாது, எண்கள்தான். முடியாது என்று சொல்லியிருக்கலாம். மயில்கழுத்து என்பது ஒரு கலரே இல்லை, பாவில் நீல நூல், ஊடையில் பச்சை நூல், துணி அசையும்போது ஒன்று மேலே வரும், இன்னொன்று ஒளியும். அதை எப்படி ஒரு டின்னுக்குள் அடைப்பது? ஆனால் அன்று எனக்கு என்ன தலைக்கனமோ, "செய்து தருகிறேன் அக்கா" என்று சொல்லிவிட்டேன். நீலத்தையும் பச்சையையும் கலந்து, கொஞ்சம் கறுப்பு விட்டு, அட்டையில் தடவி, காயவைத்துக் காட்டினேன். (சாயம் ஈரத்தில் வெளுத்துத்தான் தெரியும், காய்ந்தால்தான் கலர் இறங்கும். இதைத் தெரியாமல் டின்னைத் திறந்ததும் சண்டைக்கு வருபவர்கள் வாரத்துக்கு நான்கு பேர்.) அக்கா அட்டையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். "தம்பி, இது மயில்கழுத்து இல்ல, காக்காய்க் கழுத்து."

5 லிட்டர் டின். கலந்த சாயத்தைத் திருப்பி எடுப்பதில்லை என்று கடையில் போர்டே இருக்கிறது, ஆனால் வாயைக் கொடுத்தது நான், அதனால் டின் பின்பக்க அலமாரிக்குப் போனது. தப்பாகக் கலந்தது, ஆள் வராதது எல்லாம் அங்கேதான் கிடக்கும், யாராவது நாய்க் கூண்டுக்கோ பின்சுவருக்கோ கேட்டால் மலிவாகப் போகும்.

அந்த அலமாரிக்கென்றே வருகிற ஒரு பெண் உண்டு. முப்பது வயதுக்குமேல் இருக்கும், எப்போதும் நகத்தில் சாயம். முதலில் வாடகை வீட்டுக்குச் சாயம் அடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். "படம் வரையறேன் அண்ணே" என்றார். இது சுவருக்குச் செய்த சாயம்மா, துணியில் அடித்தால் நாள்பட வெடிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். துணியில் இல்லை, பிளைவுட் பலகையில், அதுவும் அடிப்பூச்சுக்கு மட்டும் என்றார். பிக்காசோவே ரிப்போலின் என்ற வீட்டுச் சாயத்தில் வரைந்திருக்கிறார், அமெரிக்காவில் பொல்லாக் என்ற ஓவியர், வீட்டுக்கு அடிக்கிற எனாமலைத் தரையில் விரித்த துணிமேல் ஊற்றியிருக்கிறார் என்று எனக்கே பாடம் எடுத்தார். காக்காய்க் கழுத்தை 15 வெள்ளிக்கு வாங்கிப் போனதும் அவர்தான்.

அவருடைய முதல் தனிக் கண்காட்சிதான் இது. பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பழைய கடைவீட்டு மாடி. வாட்சப்பில் அழைப்பு வந்தது. ஏறிப் போனால் 22 பலகைகள், ஒன்றில்கூட மனுஷனோ மரமோ வீடோ இல்லை, வெறும் கட்டங்களும் பட்டைகளும், கலர் என்றால் அப்படி ஒரு கலர். சுவரில் ஒட்டியிருந்த விளக்கத்தை இரண்டு முறை படித்தேன், நினைவு, இடைவெளி, மௌனம் என்று ஏதேதோ இருந்தது. மூன்றாம் முறை படிக்கவில்லை.

இது என்ன படம் என்று யோசித்து நின்றால் தலைதான் வலிக்கும். எனக்குத் தெரிந்ததைப் பார்ப்போம் என்று ஓரங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். டேப் ஒட்டி அடித்த கோடு ஒரு மயிரிழைகூடக் கசியவில்லை. டேப்பின் ஓரத்தில் முதலில் அடிக் கலரையே ஒரு தடவை பூசி அடைத்துவிட்டு அப்புறம் மேல் கலர் அடித்தால்தான் அப்படி வரும், பாதி பெயிண்டர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு பலகையில் செங்காவிக்குப் பக்கத்தில் பச்சை, இரண்டும் ஒரே அளவு வெளிச்சம், நடுக்கோடு நடுங்குகிற மாதிரி கண்ணை உறுத்தியது. இன்னொன்றில் இரண்டு சாம்பல் கட்டங்கள், ஒன்று ஊதா சாய்ந்தது, மற்றது மஞ்சள் சாய்ந்தது என்று நான் அடித்துச் சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் சுற்றியிருந்ததை மறைத்துக் காட்டினார். இரண்டும் ஒரே டின்! 17 வருஷ அனுபவம் அங்கேயே கவிழ்ந்தது.

அப்புறம்தான் ஒரு பிரெஞ்சுக்காரர் கதையைச் சொன்னார். பாரிஸில் கோப்லான் என்ற நெசவுக்கூடத்தில் 1824 முதல் சாயப்பிரிவைப் பார்த்துக்கொண்டவர் செவ்ரூல், வேதியியல்காரர். கறுப்பு நூல் கறுப்பாகவே இல்லை, சாயம் சரியில்லை என்று புகார் வந்திருக்கிறது. அவர் நூலை ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அழுக்காகக் காட்டியிருக்கின்றன. அதை 1839இல் பெரிய புத்தகமாகவே போட்டுவிட்டார். எனக்கு உடனே எங்கள் கடை ஞாபகம்தான். "நீங்க கொடுத்த கிரீம் பச்சையடிக்குது" என்று எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருப்பேன், அவர்கள் வீட்டுத் தரை என்ன கலர் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறேனா?

உருவமே இல்லாத இந்த மாதிரிப் படம் நம் ஊருக்குப் புதுசு இல்லை, நம் ஓவியர்கள் சையத் அகமட் ஜமாலும் லத்திஃப் மொஹிடினும் நாம் பிறக்கும் முன்பே இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள், லத்திஃப் அறுபதுகளில் வரைந்த 'பாகோ பாகோ' படங்கள் 2018இல் பாரிஸ் பொம்பிடு கலை மையம் வரை போயிருக்கின்றன என்றும் சொன்னார். தித்திவங்சா பக்கம் பாலாய் செனி நெகாராவை, அதாவது தேசிய ஓவியக்கூடத்தைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன், உள்ளே கால் வைத்ததில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

கடைசிச் சுவரில் ஒரு பெரிய பலகை. படுக்கையாக மெல்லிய நீலக் கோடுகள், நெடுக்காக மெல்லிய பச்சைக் கோடுகள், ஒன்றை ஒன்று தாண்டி ஏறி இறங்குகின்றன. இடப்பக்கம் நின்றால் நீலம் எழும்புகிறது, இரண்டடி தள்ளினால் பச்சை. அந்த அக்காவின் ரவிக்கைத் துணியேதான்.

"என் டின் எங்கேம்மா?" என்றேன்.

"அடியில இருக்கு அண்ணே. அது இல்லன்னா மேல இருக்கிறது இப்படித் துள்ளாது."

நம்பவில்லை. குனிந்து பலகையின் பக்கவாட்டைப் பார்த்தேன். அங்கே டேப் ஒட்டவில்லை போல, ஐந்தாறு பூச்சு ஒன்றின்மேல் ஒன்று வழிந்து தடித்திருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, நகம் அகலத்துக்கு, காக்காய்க் கழுத்து.

தலைப்புச் சீட்டின் ஓரத்தில் விற்றுப்போனதற்கு அடையாளமாகச் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தார்கள். விலையையும் பார்த்தேன். அதில் எங்கள் கடை டின் எத்தனை வாங்கலாம் என்று கணக்குப் போட்டதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடி கடைக்கு வந்தார். ஒரு பங்களாக்காரர் வேண்டாமென்று விட்டுப்போன பழுப்பு டின்னைக் கையில் எடுத்து "எவ்வளவு அண்ணே?" என்றார். முப்பது என்றேன். பேரம் பேசிப் பதினைந்துக்கே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.