நீட் எழுதும் பிள்ளை உள்ள வீட்டுக்கு: ஆதார், ஓபிசி சான்றிதழ், எங்கள் அலைச்சல்

2025 ஜூன் 14 அன்று நீட் முடிவு வந்துவிட்டது. மகள் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவுதான் என்றாலும், மாநில ஒதுக்கீட்டில் நம்பிக்கையோடு விண்ணப்பிக்கும் அளவுக்கு மதிப்பெண் இருக்கிறது. கடந்த ஆறேழு மாதங்களில் அவளையும் எங்களையும் அதிகம் வாட்டியது இயற்பியலோ உயிரியலோ அல்ல. பெயரில் இருந்த ஓர் இனிஷியலும், பதிவாகாமல் போன கைரேகையும், ஒரு சாதிச் சான்றிதழும்தான். அடுத்த ஆண்டு பிளஸ் டூ எழுதப்போகும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எங்களைப் போல் அலையக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடக்கம் அபார் எண். டிசம்பர் கடைசியில் பள்ளியிலிருந்து, இந்த மாணவர் அடையாள எண் இல்லாவிட்டால் நீட் விண்ணப்பமே போட முடியாது என்று சொன்னார்கள். எங்கள் மகளுக்கு மட்டும் அந்த எண் உருவாகவில்லை. பள்ளிப் பதிவேட்டிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் அவள் பெயருடன் ஓர் எழுத்து இனிஷியல் இருக்கிறது. நான்கு வயதில் எடுத்த ஆதாரிலோ அப்பாவின் முழுப் பெயரும் அவள் பெயரோடு சேர்ந்து நிற்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. இனிஷியல் போட்டு எழுதும் நம் வழக்கத்தால் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இதே சிக்கல் இருக்கிறது. (அபார் எண் நீட் விண்ணப்பத்துக்குக் கட்டாயம் இல்லை என்று தேசியத் தேர்வு முகமை ஜனவரியில் விளக்கம் கொடுத்தது. அதற்குள் நாங்கள் வரிசையில் நிற்கத் தொடங்கிவிட்டோம்.)

ஆதார் மையத்தில்தான் இரண்டாவது சிக்கல் தெரியவந்தது. குழந்தைக்கு 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் புதுப்பிப்பது கட்டாயம். மகள் 15 வயதில் பள்ளியில் நடந்த முகாமில் கைரேகை கொடுத்தாள், ஒப்புகைச் சீட்டும் வாங்கினாள். அந்தப் பதிவு நிராகரிக்கப்பட்டது என்று பள்ளியும் சொல்லவில்லை, முகாம் நடத்தியவர்களும் சொல்லவில்லை. ஆகவே முகாமில் கொடுத்தாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். ஒப்புகைச் சீட்டில் உள்ள எண்ணை ஆதார் இணையதளத்தில் போட்டு, பதிவு ஏற்கப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள்; 1947 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். நீட் மையத்தில் நுழையும்போது கைரேகை வைக்க வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால், இதை எந்த வீடும் அலட்சியமாக விட முடியாது.

கைரேகை என்பதால் மகளும் வந்தாக வேண்டும். மூன்றாம் திருப்புதல் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நாட்களில், காலை ஏழு மணிக்கே போய் டோக்கனுக்கு நின்றோம். முதல் முறை எங்களுக்கு முன்னால் டோக்கன் தீர்ந்தது. அடுத்த முறை சர்வர் வேலை செய்யவில்லை. அதற்கடுத்த முறை கவுன்ட்டரில் இருந்தவர் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஜெராக்ஸ் ஆகாது, ஒரிஜினல் வேணும்" என்றார். ஒரிஜினல் பையிலேயே இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். அதை ஸ்கேன் செய்துகொண்டே மகளைப் பார்த்து, "நீட்டா? எத்தனாவது தடவம்மா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. விரல்களைக் கண்ணாடியில் வைத்தபோது அவள் கை நடுங்கியதால் இரண்டு முறை பதிவாகவில்லை. அதற்கும் ஒரு சலிப்பு. பிளஸ் டூ படிக்கும் பிள்ளையிடம் அந்தக் கேள்வியை ஏன் கேட்கக் கூடாது என்று அங்கேயே, குரலை உயர்த்தாமல், அவரிடம் சொல்லிவிட்டேன். பின்னால் நின்றிருந்த ஓர் அப்பாவும் என்னோடு சேர்ந்துகொண்டார். அதன் பிறகு வேலை ஒழுங்காக நடந்தது.

பணம் பற்றியும் ஒரு விவரம். 15 வயதுக்குப் பிந்தைய இந்தக் கட்டாயப் புதுப்பித்தலை 17 வயதுக்குள் முதல் முறை செய்தால் கட்டணம் கிடையாது. அதோடு சேர்த்துப் பெயரைத் திருத்தினாலும் தனியாகப் பணம் வாங்கக் கூடாது. எங்களிடம் கேட்டார்கள். ரசீது கொடுங்கள், தருகிறேன் என்றதும் கேட்பதை விட்டுவிட்டார்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், திரையில் தெரியும் எழுத்துக்கூட்டலையும் இனிஷியல் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சரி என்று சொல்லுங்கள்.

அன்று வீடு திரும்பியவள் புத்தகத்தைத் தொடவில்லை. அந்த வாரத்திலிருந்துதான் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வயிற்றுவலி தொடங்கியது. பயிற்சி மையத்தில் ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு; மாலைக்குள் மதிப்பெண் பட்டியல் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும், பெயரோடு, இறங்கு வரிசையில். மருத்துவரிடம் காட்டினோம், உடலில் ஒன்றும் இல்லை என்றார். ஓர் இரவு பதினொரு மணிக்கு மேல் அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது 104 எண்ணுக்கு அழைத்தேன். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வுக்கும் நீட்டுக்கும் படிக்கும் மாணவர்களுக்கு இந்த எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணும் இருக்கிறது. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. 104இல் என் அழைப்பை எடுத்த பெண்மணி நான் சொன்னதைச் சிறிது நேரம் கேட்டுவிட்டு, "போனை அவங்ககிட்ட கொடுங்கம்மா, நீங்க வெளிய இருங்க" என்றார். கதவுக்கு வெளியே நின்றேன். அவர் பாடத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை என்று மகள் பிறகு சொன்னாள். எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், கடைசியாக யாரோடு சிரித்துப் பேசினாய் என்றுதான் கேட்டாராம்.

அதன் பிறகு வீட்டில் சில காரியங்களைப் பிடிவாதமாகச் செய்தோம். வாட்ஸ்அப் குழுவில் பெயரோடு மதிப்பெண் போடக் கூடாது என்று வேறு சில பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு மையத்தில் எழுதிக் கொடுத்தோம். முதலில் மறுத்தவர்கள், பிறகு மாணவருக்குத் தனித்தனியாக அனுப்பத் தொடங்கினார்கள். ஊரிலிருந்து அத்தையும் சித்தியும் "டாக்டர் சீட்டு கெடச்சிருமா?" என்று விசாரிக்கும் அழைப்புகள் என் கைபேசிக்கு மட்டும் வந்தன. சாப்பாட்டு நேரத்தில் கட்-ஆஃப் பேச்சு எடுப்பதில்லை. பொறியியல் கலந்தாய்வுக்கும் வேளாண் படிப்புக்கும் விண்ணப்பிப்போம் என்பதை நீட்டுக்கு முன்பே அவளோடு பேசி முடிவு செய்தோம். கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு என்பதால் அது சாத்தியமாயிற்று. மருத்துவம் இல்லையென்றால் எல்லாம் போயிற்று என்ற பேச்சு அவள் வாயில் அதன் பிறகு வரவில்லை. வயிற்றுவலி உடனே நிற்கவில்லை, மார்ச்சில்தான் குறைந்தது.

நீட் விண்ணப்பம் 2025 பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை. பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 3 முதல் 25 வரை. கடைசி நாள் பொதுத்தேர்வுக்கு நடுவில் விழுந்தது என்பதைக் கவனியுங்கள். நாங்கள் பிப்ரவரியிலேயே முடித்துவிட்டோம். வெள்ளைப் பின்னணியில் பாஸ்போர்ட் அளவு, போஸ்ட்கார்டு அளவு என்று இரண்டு வகைப் புகைப்படமும் வேண்டியிருந்தது என்பது தவிர, அதில் சொல்ல ஏதும் இல்லை.

அடுத்தது ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றிதழ் மாநில ஒதுக்கீட்டுக்குத்தான் செல்லும். அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 15 சதவீதமான அகில இந்திய ஒதுக்கீட்டில் 27 சதவீத ஓபிசி இடஒதுக்கீட்டைப் பெற வேண்டுமானால், வளமான பிரிவினர் (கிரீமி லேயர்) அல்லர் என்று மத்திய அரசின் படிவத்தில் வட்டாட்சியர் தரும் சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது, காரணம் எதுவும் இல்லாமல்.

நேரில் போனபோது அலுவலர் எங்கள் இருவரின் சம்பளச் சீட்டுகளையும் கூட்டிக் காட்டி, "எட்டு லட்சத்த தாண்டுதே, எப்படிக் கொடுக்கிறது?" என்றார். நானும் கணவரும் அரசுத் துறையில் சி பிரிவு ஊழியர்கள். 1993 செப்டம்பர் 8 தேதியிட்ட மத்திய அரசின் குறிப்பாணையில், வருமான வரம்பைப் பார்க்கும்போது சம்பளத்தையும் விவசாய நில வருமானத்தையும் சேர்க்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. 8 லட்சம் என்ற வரம்பு 2017இல் வந்தது. அது சம்பளமும் விவசாயமும் அல்லாத பிற வருமானத்துக்கானது. அரசு ஊழியர்களைப் பொறுத்தவரை பெற்றோரின் பதவி எந்தப் பிரிவு என்பதுதான் முதலில் பார்க்கப்பட வேண்டியது. இதைச் சொன்னதும், "அதெல்லாம் எங்களுக்குச் சர்க்குலர் வரல" என்று அடுத்தவரை அழைத்துவிட்டார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அரசு ஊழியையான எனக்கே இப்படியென்றால், தினக்கூலிக்குப் போகும் வீட்டினர் விடுப்பு எடுத்து வந்து இந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பும் நிலையை எண்ணி மனம் கொதித்தது.

குறிப்பாணையை முழுவதும் அச்சிட்டு, உரிய பத்திகளின் கீழ்க் கோடிட்டு, எங்கள் துறையிலிருந்து பதவிப் பிரிவுக்கான கடிதமும் வாங்கி இணைத்து, இ-சேவையில் புதிதாக விண்ணப்பித்தேன். கூடவே வட்டாட்சியர் பெயருக்கு ஒரு மனு எழுதி, அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையோடு கையொப்பம் வாங்கிக்கொண்டேன். வாய்ப்பேச்சு நகராத இடத்தில் அந்த முத்திரை நகர்த்தியது. வட்டாட்சியர் நேரில் அழைத்து, கோடிட்ட பகுதியை நின்றவாறே படித்துவிட்டு, "இவங்களுக்குக் கொடுக்கணும்ப்பா" என்று அதே அலுவலரிடம் சொன்னார். மின்கையொப்பத்துடன் சான்றிதழ் வந்ததாகச் செய்தி வந்தபோது அலுவலகத்தில் என் மேசையிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தேர்வு நாள் மே 4, கத்திரி வெயில் தொடங்கிய ஞாயிறு. தேர்வு இரண்டு மணிக்கு, வாயில் ஒன்றரைக்கு மூடப்படும், பன்னிரண்டுக்கே சேர்த்துவிட்டோம். அரைக்கை உடை, சாதாரணச் செருப்பு, நகை எதுவும் இல்லை என்பதால் சோதனையில் தடை வரவில்லை. உள்ளே அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஒரு மேம்பாலத்தின் கீழ் பெற்றோர் எல்லாம் ஒதுங்கி நின்றோம். ஆவடியில் ஒரு மையத்தில் மின்சாரம் தடைபட்டு, அந்த மாணவர்கள் மறுதேர்வு கேட்டு உயர் நீதிமன்றம் போனதும், மனு தள்ளுபடியானதும் பிறகு செய்தியில் வந்தன. அந்தப் பிள்ளைகளின் வீடுகளை நினைத்து எங்களுக்கு அன்று உறக்கமில்லை. எங்கள் மகளின் அறையில் மின்சாரம் இருந்தது. இயற்பியல் கடினம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள், ஆனால் அழவில்லை. வண்டியில் ஏறியதும் பசிக்கிறது என்றாள்.

கடைசியாக ஓபிசி சான்றிதழ் பற்றி ஒன்று. ஜனவரியிலேயே வாங்கி வைக்கச் சொல்வார்கள். ஆனால் கலந்தாய்வு நடப்பது ஏப்ரலுக்குப் பிறகு, அதாவது அடுத்த நிதியாண்டில். ஏப்ரல் 1க்குப் பிறகு தேதியிட்ட சான்றிதழைக் கையில் வைத்திருப்பதே பாதுகாப்பு. இது தெரிந்ததால் நாங்கள் ஏப்ரலில்தான் விண்ணப்பித்தோம், அப்போதும் முதல் முறை நிராகரிப்புதான் கிடைத்தது. எனவே ஏப்ரல் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள், பிள்ளையை அழைத்துக்கொண்டு போகாதீர்கள். இந்தச் சான்றிதழுக்கு அவர்கள் நேரில் வரத் தேவையே இல்லை.